நீ இறங்காமல் போன நிறுத்தம்

சாமி,

வரும் திங்கட்கிழமை நீ மலையை விட்டு இறங்கிப் போய், தர்மபுரிப் பக்கத்தில் ஒரு பாங்குக் கிளைக்கு மேனேஜராக உட்காரப் போகிறாய். உங்கம்மா உன் பெட்டியில் காப்பித்தூளும் மிளகும் அடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சமையலறைக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நானும் கோபப்பட்டு எழுந்து போய்விடுவேன். எழுதினால் இரண்டு பேருக்கும் அந்த வசதி இல்லை. உன் பேரையும் பாங்கின் பேரையும் நான் இதில் போடவில்லை. பிள்ளைகளைப் பாங்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அப்புறம் என்ன கவலை என்று இருக்கிற வேறு அப்பா அம்மா யாராவது படித்தாலும் படிக்கட்டும் என்றுதான்.

நான் சந்தேகக்காரன். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தோரு வருடம் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்த்தேன். காலையில் வந்த ஆட்களின் பேரை எழுதுவதும், சாயங்காலம் அவர்கள் பறித்த பழத்தை எடை போடுவதும்தான் வேலை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்குச் சம்பளம் கொடுத்தது சந்தேகப்படுவதற்கு. மூட்டைக்கு அடியில் கல் கிடக்கிறதா, சிவந்த பழத்துக்கு நடுவே பச்சைக் காய் கலந்திருக்கிறதா, உடம்பு சரியில்லை என்று போனவள் உண்மையில் எங்கே போனாள், இதையெல்லாம் யோசிக்கத்தான் என்னை வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தை எஸ்டேட் கேட்டிலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடாமல் வாங்க மாட்டேன். நீ பத்தாவதில் கணக்குக்கு நூறு வாங்கி வந்த அன்று, மார்க் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ சிரித்தாய். அப்போது உனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பாங்கு வேலை கிடைத்து, அதுவும் ஏற்காட்டுக் கிளையிலேயே போட்டபோது, நம் எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லாருக்கும் நான்தான் இனிப்பு கொடுத்தேன். முதல் இரண்டு வருடம் உன்னைப் பற்றி நல்ல பேச்சுதான் காதில் விழுந்தது. செம்மநத்தம் மலைக்கிராமத்திலிருந்து வருகிற ஆட்கள், வேறு கவுண்டர் காலியாக இருந்தாலும் உன் கவுண்டரில்தான் நிற்பார்கள் என்றார்கள். "உங்க பொண்ணு மொகத்தப் பாத்துப் பேசுதுங்க, சலானையும் அதுவே நெரப்பிக் குடுத்துருதுங்க" என்று ஒருவர் சந்தையில் என் கையைப் பிடித்துச் சொன்னார். அவருக்கு என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருக்குமோ என்று அதையும் நான் யோசித்தேன் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வருடம் உங்கள் கிளைக்குப் புது மேனேஜர் வந்தார். அதை நீ வீட்டில் ஒரு வரியாகச் சொன்னாய், நாங்களும் ஒரு வரியாகக் கேட்டுக்கொண்டோம். அதற்கப்புறம் நடந்தவற்றை நான் வேறு விதமாகக் கோத்துக்கொண்டேன். எட்டரை மணி பஸ்ஸுக்குப் போகிறவள், ஆறரை மணி பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தாய். கேட்டால் மீட்டிங் என்றாய். போனை எப்போதும் கவிழ்த்தே வைத்தாய். அது மணி அடித்தால் திடுக்கிட்டாய். சோற்றில் கை வைத்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். ரேஷன் கார்டு வேலையாக ஒரு மனுவில் உன்னிடம் கையெழுத்து வாங்கினேன். பெரிதாக, வால் சுழித்துப் போடுகிற உன் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. என் மகளின் கையெழுத்து இல்லையே இது என்று நினைத்தேன். அங்கேயாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இவள் எதையோ மறைக்கிறாள், அதனால்தான் கை கூசுகிறது என்று முடிவு கட்டினேன்.

உங்கம்மா மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "ஏனுங்க, புள்ள நொம்ப எளச்சுப் போச்சுங்க. என்ன ஏதுன்னு அதையவே உக்கார வெச்சுக் கேளுங்களேன்."

"கேட்டா உண்மையச் சொல்லுமா? நானே கண்டுபுடிக்கிறேன்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளக்கடை ஊர்க்காரர் ஒருவர், காலையில் டூவீலரில் சேலம் போகும்போது உன்னைக் குப்பனூரில் பார்த்ததாகச் சொன்னார். மலையடிவாரத்தில், எட்டு மணிக்கு, பஸ் நிற்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாயாம். ஏற்காட்டில் பாங்குக்குப் போகிறவளுக்கு மலைக்குக் கீழே என்ன வேலை? எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. கல்யாணத்துக்கு இருக்கிற பெண், வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஊரைத் தாண்டிப் போகிறாள் என்றால், ஒரு பையன்.

மறுநாள் நீ கிளம்புவதற்கு முன்பே என் வண்டியை எடுத்துக்கொண்டு குப்பனூருக்கு இறங்கினேன். டீக்கடைக்குப் பின்புறம் ஒரு லாரியின் மறைவில் நின்றேன். அறுபது வயதில், பெற்ற மகளை ஒளிந்து நின்று பார்க்கிறோமே என்று ஒரு நொடிகூட எனக்கு வெட்கம் வரவில்லை. சேலம் பஸ் வந்தது. நீ இறங்கினாய். பஸ் நிறுத்தத்துக் கட்டையில் உட்கார்ந்தாய். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்து, உதட்டை அசைத்து என்னவோ சொல்லிக்கொண்டாய். கண்ணை மூடினாய், மறுபடி காகிதத்தைப் பார்த்தாய். எழுந்து குழாயில் முகம் கழுவினாய். மேலே போகிற பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாய். யாரும் வரவில்லை. யாரிடமும் நீ பேசவில்லை. வேறு அப்பனாக இருந்தால் இதைப் பார்த்து நெஞ்சு பதறியிருக்கும். நான் நினைத்தது என்ன தெரியுமா? அந்தப் பையன் இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது, அந்தக் காகிதம் அவன் எழுதிய கடிதம் என்று.

அன்று மத்தியானம் நீ சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து, உன் மேனேஜரைப் பார்க்கப் போனேன். நான் செய்த பெரிய தப்பு இதுதான். அவர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எஸ்டேட்டில் மேனேஜர் முன்னால் ஒரு நாளும் நான் உட்கார்ந்ததில்லை. அந்த நாற்காலியிலேயே பாதி மயங்கிவிட்டேன்.

"உங்க பொண்ணு முன்ன மாதிரி இல்லைங்க ஐயா" என்றார் அவர். "ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் ஆக்குறாங்க. ஏதாவது கேட்டா பதிலே வர மாட்டேங்குது. மனசு வேலையில இல்லை. வீட்டுல எதுவும் பிரச்சனையா?"

"பையன் விவகாரம் எதாச்சும் இருக்குமோன்னு சந்தேகமா இருக்குதுங்க சார். காத்தால குப்பனூர் வரைக்கும் போயிட்டு வருதுங்க. நீங்க கொஞ்சம் ஒரு கண்ணு வெச்சுக்கோங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது, கடமையைச் செய்த திருப்தி எனக்கு. மறுநாளிலிருந்து நீ என்னோடு பேசுவதை நிறுத்தினாய். தட்டை வைப்பாய், தண்ணீர் வைப்பாய், முகத்தைப் பார்க்க மாட்டாய். குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதனால்தான் முகம் கொடுக்க முடியவில்லை என்று உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதே வாரம் நீ அந்தத் தப்பைச் செய்தாய். ஒரு முதியவருடைய பென்ஷனை, அதே பேரில் இருந்த இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிட்டாய். இரண்டு நாளில் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் உன்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கேட்ட கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் படுத்தவள்தான், மூன்று நாளாகியும் எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் மூடச் சொன்னாய். நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, வேண்டுமென்றே செய்தாயோ என்றுகூட நினைத்தேன். இதை எழுத என் கை வரவில்லை. ஆனால் நினைத்தேன்.

அது இரண்டாவது சனிக்கிழமை, பாங்கு லீவு. அன்றைக்கு உங்கள் காஷியர் ஸ்டெல்லா பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்தாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றிருந்த என்னிடம் வந்தாள். காப்பி கொடுத்தாள் உங்கம்மா. ஸ்டெல்லா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அந்த மேனேஜர்கிட்டப் போயி என்ன சொன்னீங்க?"

"காப்பி ஆறுது, குடிம்மா" என்றேன்.

"தெனமும் ஒம்பதரைக்கு மீட்டிங்குங்கண்ணா. இன்சூரன்ஸ் எத்தன புடிச்ச, கார்டு எத்தன குடுத்தன்னு கேப்பாரு. கொறச்சலாப் புடிச்சவங்க நிக்கோணும். மத்தவங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கோணும். கூலிக்குப் போற சனங்ககிட்ட உங்க பொண்ணு பொய் சொல்லி இன்சூரன்ஸ் விக்க மாட்டேங்குது. அதனால ரெண்டு மாசமா தெனமும் நின்னுச்சு. என்ன சொல்றதுன்னு பேப்பர்ல எழுதி மனப்பாடம் பண்ணிக்கிட்டு வரும். அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டதும் அத்தனையும் மறந்து போயிரும். அதுக்கப்புறம் கவுண்டர்ல உக்காந்தா, எண்ணுன நோட்டையே நாலு தடவ எண்ணும். வரிசையில நிக்கறவங்க சத்தம் போடுவாங்க. அதுல இன்னும் பதறிப் போயிரும்."

"அப்ப குப்பனூரு?" என்றேன். அப்போதும் எனக்கு அதுதான் கேட்க வந்தது.

"பாங்கு நிறுத்தத்துல பஸ்ஸு நின்னா, காலு எறங்க மாட்டேங்குதுக்கான்னு எங்கிட்டச் சொல்லுச்சு. அப்படியே உக்காந்து அடிவாரம் வரைக்கும் போயிரும். மூஞ்சியக் கழுவி, மனசத் தேத்திக்கிட்டு வேற பஸ்ஸப் புடிச்சு மேல வரும். எறங்கறதுக்குத் தெகிரியம் வரோணும்னுதான் முதல் பஸ்ஸுலயே கெளம்பி வந்துச்சு." ஸ்டெல்லா உள் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "போன வாரம் மீட்டிங்குல, எல்லாரு முன்னாலயும், 'உங்கப்பாவே வந்து சொல்லிட்டுப் போனாரு, பையன் பின்னால சுத்தறதுல உனக்கு வேலையில கவனம் இல்லைன்னு'ன்னு சொன்னாருங்கண்ணா. அது நேராக் கவுண்டருக்குப் போயிருச்சு. அந்தப் பென்ஷன் என்ட்ரிய அன்னைக்குத்தான் தப்பாப் போட்டுச்சு."

ஸ்டெல்லா போன பிறகு நான் எஸ்டேட் பக்கம் நடந்தேன். எனக்குப் பாப்பாத்தி ஞாபகம் வந்தது. உனக்கு அவளைத் தெரியாது, நீ பிறப்பதற்கு முந்தைய கதை. பழம் பறிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இவ்வளவு எப்படி ஒருத்தியால் பறிக்க முடியும் என்று எனக்குச் சந்தேகம். ஒரு வாரம், தினமும், எல்லாப் பெண்களும் பார்க்க அவள் மூட்டையை மட்டும் தரையில் கொட்டிக் கிளறினேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. இரண்டாவது வாரம் அவள் எடை குறைந்தது. மூன்றாவது வாரம் மூட்டையில் பச்சைக் காய் வந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று எல்லாருக்கும் எடுத்துக் காட்டினேன். அவள் வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள். என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தச் செடிகளுக்கு நடுவே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தன் கையை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பழம் சிவப்பு எந்தக் காய் பச்சை என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? அந்தப் பச்சைக் காயை அவள் மூட்டையில் போட்டது நான்தான். உன் பென்ஷன் தப்பிலும் என் கை இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு உன் பாங்குக்குப் போனேன். நீ வீட்டில் படுத்திருந்தாய். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். "எம்பொண்ணப் பத்தி நான் சொன்னது நெசம் இல்லீங்க. நான் எதையும் பாக்கல. சந்தேகத்துல சொல்லிட்டேன். நீங்க எல்லாரு முன்னாலயும் சொன்னதால நானும் எல்லாரு முன்னாலயும் சொல்றேன்" என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "சரிங்க ஐயா, இதெல்லாம் எதுக்கு, போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். அதனால் அங்கே ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் நான் அங்கே நின்றது மூன்று நிமிஷம். நீ இரண்டு மாதம் நின்றிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தப்புப் பண்ணிட்டேன் சாமி" என்றேன். நீ சுவரைப் பார்த்தபடி சொன்னாய்: "பாத்துட்டுச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்கப்பா. பாக்காமயே சொன்னீங்க." பார்த்துவிட்டும்தான் சொன்னேன் என்று, குப்பனூரில் லாரிக்குப் பின்னால் நின்றதைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் துணிவில்லை. இந்தக் கடிதத்தில்தான் முதல் முறையாகச் சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். சேலத்து டாக்டரம்மாவிடம் ஐந்து மாதம் போனாய். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உன்னிடம் பேசுவார். என்னைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். வருடம் திரும்புவதற்குள் அந்த மேனேஜருக்கு மாற்றல் வந்து, ஒரு அம்மா மேனேஜராக வந்தார். முதல் நாளே அந்த நிற்க வைக்கிற மீட்டிங்கை எடுத்துவிட்டார். "ஒரு தடவை சரி பாத்தாப் போதும்மா, தப்பு வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாம்" என்று உன்னிடம் சொன்னாராம். இவ்வளவு இனிக்கப் பேசுகிறாரே, உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறாரோ என்று ஆறு மாதம் அவர் மேலும் சந்தேகப்பட்டேன். ஒன்றும் வைத்திருக்கவில்லை. நீ மெல்ல மெல்ல எட்டரை மணி பஸ்ஸுக்கு மாறினாய். புதுச் செக் புத்தகம் வாங்க ஒரு நாள் உன் கவுண்டரில் நின்றேன். சீல் வைத்து, வாலைச் சுழித்து, காகிதத்தின் பாதியை அடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாய். செக் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் பரீட்சை எழுதினாய், ஆபீசரானாய், இப்போது மேனேஜர். முழுக்க ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாய். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறேன் என்று நினைப்பாய். நேற்றுக் காலை நீ வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் நின்று, போகப் போகிற கிளையில் யாரோ ஒரு பையனிடம் போனில் பேசினாய். "ஒங்களால முடியலன்னாச் சொல்லுங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன். திங்கக்கிழம எல்லாரு முன்னாலயும் நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றாய். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி இட்லிக்கு உட்கார்ந்தாய். எனக்கு வழக்கம் போலச் சந்தேகம் வந்தது. இந்தத் தடவை உங்கம்மாவிடம் போகவில்லை, ஸ்டெல்லாவுக்குப் போன் போடவில்லை. உன்னிடமே கேட்டேன்.

"ஏஞ்சாமி, அது யாரு போன்ல?"

"ஒட்டுக் கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்."

"அங்க இருக்கற பையங்கப்பா. மூணு நாளா ஒரு ரிப்போர்ட் கேக்கறேன், ஒடம்பு செரியில்லைன்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்கறான்."

"பொய்யின்னு எப்படித் தெரியும்?"

நீ கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டாய். "தெரியலீங்கப்பா" என்றாய். கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாய்.

ஜன்னலோரம் போய் நின்றால் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். எனக்குத் தெரியும், முப்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன். கால் அங்கேதான் போகப் பார்த்தது. நான் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். வாளி நிரம்பி வழிந்தது. உங்கம்மா உள்ளிருந்து சத்தம் போட்டாள். நீ பேசி முடித்து உள்ளே வரும் வரைக்கும் நான் அதை மூடவில்லை.

அந்தப் பையனிடம் என்ன சொன்னாய், எந்தக் குரலில் சொன்னாய் என்று எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. நான் கேட்கப் போவதில்லை. போய் வா, கண்ணு.

அப்பா